பர்மிங்காமில் இருக்கும் மகளுக்கு, பழைய ராக் இசைத்தட்டுகள் குறித்து

அல்சூர், பெங்களூர்.

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரெக்கார்டு பிளேயர் ஒன்று வாங்கியிருப்பதாகவும், முதலில் வாங்க வேண்டிய பத்துப் பழைய ராக் ஆல்பங்களை எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தாய். பள்ளிக்கூட நாட்களில், "சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கப்பா" என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனவள் நீ. அப்படிப்பட்டவள் கேட்ட கேள்வி எனக்கு எவ்வளவு இனித்திருக்கும் என்று உனக்கே தெரியும். ஆனால் பத்து என்று எண்ணி எழுதப் போவதில்லை. எண்ணி எழுத உட்கார்ந்தால், ஊர் உலகமெல்லாம் சொல்லும் அதே பத்தைத்தான் நானும் சொல்ல வேண்டிவரும். நாலைந்து ஆல்பங்கள் போதும். அவற்றைப் பாட்டுப் பாட்டாகப் பொறுக்காமல், ஒரு பக்கம் முழுவதையும் ஒரே அமர்வில் கேள் என்பதுதான் என் கட்சி. அந்தக் காலத்து ஆல்பத்துக்கு அலகு பாட்டு அல்ல, பக்கம்.

இது பழம்பெருமை பேசும் பேச்சு அல்ல, இயந்திரக் கணக்கு. எல்.பி. என்னும் நீண்டநேர இசைத்தட்டின் மூலத்தட்டை வெட்டுவதே ஒருவகை லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில்தான். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே கதியில் சுழல்கிறது. வெளி விளிம்பில் ஊசியின் கீழே விநாடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் தடம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 20 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. சுற்று மாறாமல் விட்டம் குறைந்தால் வேகம் குறையும் என்பது, லேத்தில் ஒருநாள் ஃபேசிங் (முகப்பைச் சீவும் வேலை) எடுத்தவனுக்கும் கைப்பாடம். ஒரே அளவு ஓசையைக் குறைந்த நீளத்துக்குள் நெருக்கி வெட்டும்போது மேல் சுரங்கள் மங்குகின்றன, ஓசையில் கரகரப்பு ஏறுகிறது. பாஸ் என்னும் தாழ்ந்த ஓசை கனக்கக் கனக்கத் தடத்துக்கு அகலம் அதிகம் வேண்டும் என்பதால், பக்கத்துக்கு இருபது நிமிடத்தைத் தாண்டினாலே ஒலியின் அளவைக் குறைக்க வேண்டிய நெருக்கடியும் வந்துவிடும். ஆகவே, ஆர்ப்பாட்டமான பாட்டைப் பக்கத்தின் தொடக்கத்திலும் மெல்லிய பாட்டை முடிவிலும் வைப்பது தயாரிப்பாளர்களின் வழக்கமாக இருந்தது. நீ போனில் பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்கும்போது, யோசித்து அடுக்கிய இந்த அடுக்கு முழுவதும் குலைந்துபோகிறது.

வழக்கத்தை மீறியவர்களும் உண்டு. லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம் (1971) இரண்டு பக்கத்தையும் இரைச்சலோடு முடிக்கிறது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு எது என்று உனக்கே தெரியும், 'ஸ்டேர்வே டு ஹெவன்'; கல்லூரி விழாக்களில் கிதார் கற்ற பையன்கள் எல்லோரும் வாசித்துப் பழசாக்கிவிட்ட எட்டு நிமிடப் பாட்டு. என் ஓட்டு அதற்கு அல்ல, இரண்டாம் பக்கத்தின் முடிவில் வரும் 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டுக்கு. 1927இல் மிசிசிப்பி ஆறு கரையுடைத்ததைப் பற்றி, மெம்பிஸ் மின்னியும் கான்சாஸ் ஜோ மெக்காயும் 1929இல் பாடிய பாட்டு அது. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படிக்கட்டின் மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். ஜான் போனம் அடிக்கும் ஒவ்வொரு அடியும் அந்தக் கூடத்தின் சுவரைத் தொட்டுவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. கேட்கும்போது பாட்டை விட்டுவிட்டு, அடிக்கும் அடிக்கும் நடுவில் இருக்கும் இடத்தைக் கவனி. அந்த வீட்டின் உயரமே காதுக்குத் தெரியும்.

நீ குடியிருக்கும் ஊருக்கு வருகிறேன். உன் ஊர்க் குழுவான பிளாக் சபாத்தின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலையில் மறைந்தபோது, பிராட் ஸ்ட்ரீட் கால்வாய்ப் பாலத்தில் அந்தக் குழுவினருக்காக வைத்திருக்கும் பெஞ்சைச் சுற்றிக் குவிந்த மலர்களை நீ படமெடுத்து அனுப்பினாய். அதே மாதம் 5ஆம் தேதிதான் அவர் வில்லா பார்க் மைதானத்தில் கடைசியாகப் பாடியிருந்தார். பெங்களூரில் எங்கள் ஷிஃப்ட் நண்பர்களுக்கு ஆஸியும் குழுவின் மற்ற மூவரும் வெறும் பாட்டுக்காரர்கள் அல்லர், தொழிற்சாலை ஊர்க்காரர்கள். குழுவில் கிதார் வாசிக்கும் டோனி அயோமி பதினேழு வயதில் தகடு வேலை செய்யும் ஆலையில், வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளன்று, வலக்கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் இயந்திரத்துக்குக் கொடுத்தவர். அவர் இடக்கைப் பழக்கக்காரர் என்பதால், தந்தியை அழுத்த வேண்டிய கையே அதுதான். எங்கள் பிரஸ் ஷாப்பில் அப்படி விரல் போனவர்களுக்கு லைட் டியூட்டி கொடுத்து ஸ்டோர்ஸில் உட்கார வைப்பார்கள். அதோடு அவர்கள் கைவேலை முடிந்தது. அயோமியோ பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் குப்பியை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டி, மறுபடி வாசிக்கப் பழகினார். மூன்றாவது ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் (1971) பல பாட்டுகளுக்குச் சுருதியை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார்கள். தந்தி தளர்ந்தால் அழுத்தும் விரலுக்கு நோவு குறைவு. ஹெவி மெட்டல் என்று பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கொண்டாடிய அந்தக் கனத்த ஓசைக்குப் பின்னால், அடிபட்ட ஒரு தொழிலாளியின் விரலும் இருக்கிறது.

அவர்களுடைய முதல் ஆல்பத்தையே நீ முதலில் வாங்கு. 1969 அக்டோபரில் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்து, 1970 பிப்ரவரி 13 அன்று வெளியிட்டார்கள். மழையும் இடியும் மணியோசையும் பிறகு சேர்த்தவை. முதல் பாட்டின் தொடக்க கிதாரை அம்மாவை உட்காரவைத்துக் கேட்கச் செய்தேன். "ஸட்ஜம், மேல் ஸட்ஜம், அப்புறம் பிரதி மத்தியமம். கல்யாணியில் தினம் பாடுகிற ஸ்வரம், இதற்கா இவ்வளவு பயமுறுத்தல்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அம்மா சொன்னது சரி. ஐரோப்பிய இசையில் அச்சமூட்டும் இடைவெளி என்று பெயர் வாங்கியது நமக்குப் பழகிய ஸ்வரம்தான். ஆனால் கல்யாணியில் அதன் ஒரு பக்கம் காந்தாரமும் மறுபக்கம் பஞ்சமமும் துணை நிற்கின்றன. இங்கே அது பஞ்சமத்தைத் தொட்டுத் தொட்டு நடுங்குகிறதே தவிர, அங்கே போய் அமர்வதில்லை. துணையில்லாமல் நிற்க வைத்தால் தெரிந்த ஸ்வரமும் பயமுறுத்தும் என்று அந்த நான்கு பையன்களுக்கு எப்படித் தோன்றியதோ, எனக்கு இன்றும் வியப்பு. இரண்டாவது ஆல்பமான 'பாரனாய்டு' இதைவிடப் புகழ்பெற்றது. நல்ல ஆல்பம்தான், ஆனால் அதன் தலைப்புப் பாட்டு, தட்டில் மிச்சமிருந்த இடத்தை நிரப்ப அவசரமாக எழுதியது, அந்த அவசரம் எனக்குக் கேட்கிறது.

பிங்க் ஃபிளாய்ட் பற்றி நான் எழுதாவிட்டால் நீயே கேட்பாய். 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) வாங்கத்தான் வேண்டும், அதைத் தட்டாகவேதான் வாங்க வேண்டும். முதல் பக்கம் கிளேர் டோரி என்ற பெண்ணின் சொல்லில்லாத குரலோடு முடிகிறது. பிறகு நீ எழுந்துபோய்த் தட்டைத் திருப்புகிறாய். அந்த அமைதிக்குப் பிறகுதான் காசு விழும் ஓசையும் கல்லாப்பெட்டி ஓசையும் தாளமாகத் தொடங்குகின்றன. அழுகை, அமைதி, காசு என்ற இந்த வரிசை எங்கள் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. கண்டோன்மென்ட் பக்கத்துக் கடைகளில் எல்.பி.யைக் கொடுத்துக் காசெட்டில் பதிந்து வாங்கிக் கேட்டவர்கள் நாங்கள். 90 நிமிடக் காசெட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். ஆல்பமோ 43 நிமிடம். முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். அழுகை ஓய்வதற்குள் கல்லாப்பெட்டி திறந்துவிடும். அந்த டோரி அம்மையாருக்கு அன்றைய கூலி 30 பவுண்டு. பாட்டை ஆக்கியதில் பங்கு உண்டு என்று 2004இல் வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டு சமரசத்தில் தன் பெயரையும் சேர்க்க வைத்தார். யூனியன்காரனான எனக்கு அதில் அவர் பக்கம்தான் நியாயம் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆனாலும், அந்தக் குழுவின் ஆல்பங்களில் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், நான் 1977இல் வந்த 'அனிமல்ஸ்' ஆல்பத்தைத்தான் எடுப்பேன். முதல் பக்கம் ஏறக்குறைய முழுவதையும் பதினேழு நிமிடப் பாட்டு ஒன்றே அடைத்துக்கொள்கிறது. தனியாகப் பிய்த்து எடுத்து வானொலியில் போட அதில் எதுவும் இல்லை. அதுதான் அதன் அழகு. டேவிட் கில்மோரின் கிதார் மற்ற ஆல்பங்களில் ஏங்கும், இதில் கோபப்படுகிறது. 'தி வால்' (1979) இரண்டு தட்டு. தன்னிரக்கம் ஒன்றரைத் தட்டுக்கு மேல் தாங்காது என்பது என் தாழ்மையான கருத்து. அந்தக் குழுவில் இருந்த ரோஜர் வாட்டர்ஸ் 2002இல் இங்கே பேலஸ் கிரவுண்ட்ஸில் பாடியபோது நீயும் என்னோடு வந்தாய். அத்தனை ஆயிரம் பேர் சேர்ந்து பாடிய நேரத்திலும் என் தோளில் தூங்கிவிட்டாய். அதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை, மணி அப்படி.

பழைய ஒற்றைத் தட்டாக வாங்கவே கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' (1985) டிஜிட்டலில் பதிவாகி, சி.டி. வந்த புதிதில் அதற்கென்றே பேர்போன ஆல்பம். சி.டி.யில் 55 நிமிடம் ஓடும் அதைப் பழைய ஒற்றைத் தட்டில் அடக்குவதற்காகச் சில பாட்டுகளை வெட்டிக் குறைத்தார்கள். பழைய தட்டு என்றாலே மூலம் என்று நினைத்து அதிக விலை கொடுப்பவர்கள், உண்மையில் குறைந்ததைத்தான் வாங்குகிறார்கள். ஆகவே அதை சி.டி.யில் கேள், அல்லது இரண்டு தட்டாகப் பிரித்து வந்த பிற்காலப் பதிப்பைத் தேடு.

மறுபதிப்பு வேண்டுமா, பழைய பதிப்பு வேண்டுமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். விலையைப் பார்க்காமல் காதைக் கேட்கச் சொல். 1990களுக்குப் பிறகு வந்த சில மறுபதிப்புகளில், மெல்லிய இடத்தையும் ஓங்கிய இடத்தையும் ஒரே உயரத்துக்குத் தூக்கிவிட்டார்கள்; கேட்ட உடனே பளிச்சென்று இருக்கும், இருபது நிமிடத்தில் காது களைத்துவிடும். மழையும் மணியும் தூரத்தில் கேட்க வேண்டிய அந்த சபாத் பாட்டில், மழை உன் ஜன்னலுக்குள்ளேயே பெய்வதுபோல் கேட்டால் அந்தப் பதிப்பை விட்டுவிடு. பழைய தட்டு வாங்கினால் கடையிலேயே உறையிலிருந்து எடுத்து, விளிம்பையும் லேபிளையும் மட்டும் பிடித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார். நகம் பட்டால் தடுக்கும் கீறல் இருந்தால் வேண்டாம். மேலோட்டமான மெல்லிய கீற்றுகளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. துளையைச் சுற்றி லேபிளில் தாறுமாறாகக் கோடுகள் இருந்தால், முன்பு வைத்திருந்தவர் பொறுமையில்லாதவர் என்று வைத்துக்கொள். ஊசியின் அழுத்தத்தை, கூட வந்த புத்தகத்தில் சொன்ன அளவுக்கே சரிசெய். குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைக்காதே, துள்ளும் ஊசிதான் தடத்தை அதிகம் கெடுக்கும்.

ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' வாங்கட்டுமா என்றும் கேட்டிருந்தாய். தலைப்புப் பாட்டின் கடைசி இரண்டு நிமிடம், டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறியும் பிறகு சேர்ந்தும் வாசிக்கும் இடம், குறை சொல்ல முடியாதது. அதற்காகக் காசு கொடுக்காதே. டிசம்பரில் வரும்போது இங்கே ஏதாவது ஒரு கல்யாண வரவேற்புக்கு அழைத்துப் போகிறேன். சாம்பார் சாதம் பரிமாறி முடிப்பதற்குள் மேடையில் வாசித்துவிடுவார்கள்.

அன்புடன்,
அப்பா