கோட்டைத் தாண்டிய மூக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

விளையாட்டுப் பக்கத்தின் கீழ்மூலையில் இடிடராட் பந்தயச் செய்தியைப் பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். அலாஸ்காவின் நாய்வண்டிப் பந்தயத்துக்கு நம் பத்திரிகையில் நாலு வரி கிடைத்ததே பெரிது, நன்றி. 2025 பந்தயத்தை ஜெஸ்ஸி ஹோம்ஸ் 10 நாள், 14 மணி நேரச் சொச்சத்தில் முடித்து முதலிடம் பிடித்தார் என்று எழுதியிருந்தீர்கள். சரி, வண்டியை இழுத்தது யார்? முன்னால் ஓடிய ஹெர்குலிஸ், போலார் இரண்டின் பெயரும் செய்தியில் இல்லை.

சும்மா குறை சொல்லவில்லை. அந்தப் பந்தயத்தின் விதியே அப்படித்தான்: எல்லைக்கோட்டை முதலில் தாண்டும் நாயின் மூக்கை வைத்துத்தான் முடிவு. 1978-ல் டிக் மேக்கியும் ரிக் ஸ்வென்சனும் இரண்டு வாரத்துக்கு மேல் பனியில் ஓடி, நோம் ஊரின் தெருவுக்குள் கிட்டத்தட்ட ஒன்றாக நுழைந்தார்கள். வித்தியாசம் ஒரே ஒரு நொடி. மேக்கியின் நாய் மூக்கை முந்தி நீட்டியது, வெற்றி அவருக்கு. வண்டியோட்டியின் கால் எங்கே இருந்தது என்பது கணக்கிலேயே வரவில்லை.

ஒவ்வொரு வண்டியிலும் ஜிபிஎஸ் கருவி இருப்பதால், நான் சில வருடங்களாக மார்ச் மாதத்தில் ராத்திரி கண் விழித்து வரைபடத்தில் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். ஒரு புள்ளி மணிக்கணக்கில் நகராமல் நின்றால் மனம் பதைக்கும். அப்புறம் வீடியோ வரும். பார்த்தால், நாய்கள் வைக்கோலில் சுருண்டு, மூக்கை வாலுக்கடியில் புதைத்துத் தூங்கும். வண்டியோட்டி மட்டும் முழங்காலிட்டு ஒவ்வொரு நாயின் நான்கு பாதங்களிலிருந்தும் துணிக்காலுறையைக் கழற்றி, விரலிடுக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பார். பனியை உருக்கி, இறைச்சி போட்டுக் காய்ச்சி நாய்களுக்கு ஊற்றிய பிறகுதான் அவருக்குச் சாப்பாடு. இருபது, இருபத்தைந்து கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு 10,000 கலோரி வரை வேண்டியிருக்கிறது. கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்து வேண்டாம் என்றால் அந்த நாய் அங்கேயே நின்றுவிடும். அதற்கு மாற்று நாய் சேர்க்க அனுமதி இல்லை. 16 நாய்களோடு கிளம்பிய வண்டி பத்தோடு வந்து சேர்வதெல்லாம் இதனால்தான்.

பத்திரிகைகள் பெயரை விட்டுவிடுவது புதிதும் அல்ல. 1925-ல் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது நெனானா ரயில் நிலையத்திலிருந்து 674 மைல் தூரத்துக்கு, இருபது வண்டியோட்டிகள் கைமாற்றிக் கைமாற்றி மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். கடைசி ஐம்பது மைல் சொச்சத்தை ஓடிய பால்டோ என்ற நாய்க்கு அதே வருடம் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் சிலை வைத்தார்கள். அந்த இருபது வண்டியோட்டிகளில் ஒருவரான லியோன்ஹார்ட் செப்பாலாவின் டோகோ பன்னிரண்டு வயதுக் கிழ நாய். மருந்தை எதிர்கொண்டு வாங்கப் போனதையும் சேர்த்தால் அது 260 மைலுக்கு மேல் ஓடியது. வழியில் நார்டன் விரிகுடாவின் உறைந்த கடலையும் தாண்டியது. அதை அன்றைய செய்திகள் கண்டுகொள்ளவில்லை என்று செப்பாலாவுக்குக் கடைசிவரை வருத்தம்.

பெயர் போடுங்கள் என்று கேட்பவள் நல்ல செய்திக்கு மட்டும் கேட்கக் கூடாது. 2024 பந்தயத்தில் மூன்று நாய்கள் இறந்தன: பாக், ஜார்ஜ், ஹென்றி. பாக்குக்கு வயது இரண்டுதான். பந்தயத்தையே நிறுத்த வேண்டும் என்கிறவர்களின் வாதத்தை என்னால் ஒதுக்கித் தள்ள முடியவில்லை. ஆனால் கிளம்பும் நேரத்தில் வார் அறுந்துவிடும்போல எம்பிக் குதித்துக் குரைத்துவிட்டு, வண்டி நகர்ந்ததும் சட்டென்று அமைதியாகி ஓடும் நாய்களைப் பார்த்தால் அதையும் முழுதாக ஏற்க முடியவில்லை. இதில் எனக்கு இன்னும் முடிவு கிடைக்கவில்லை.

இன்னொன்று. செய்தியோடு போட்டிருந்த படத்தில் இருப்பது புசுபுசுவென்ற, நீலக்கண் சைபீரியன் ஹஸ்கி. பந்தயத்தில் ஓடுகிறவை பெரும்பாலும் அலாஸ்கன் ஹஸ்கி என்கிற கலப்பு நாய்கள். ஒல்லியாக, நீண்ட காலோடு, பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். அடுத்த மார்ச்சில் அந்தப் படத்தையும் மாற்றிவிடுங்கள்.

தங்கள் வாசகி,
கோவை