யுரேனியச் சுரங்கங்களும் கணக்கில் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம். அணுமின் விரிவாக்கம் பற்றிய தங்கள் தலையங்கம் உலைகளைப் பற்றி நிறையப் பேசியது. சுரங்கங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஜார்க்கண்டின் ஜாதுகுடாவில் 1967 முதல் யுரேனியம் வெட்டி எடுக்கிறார்கள். நம் கல்பாக்கத்துக்கும் அதில் பங்குண்டு. அங்கே ஒரு டன் தாதுவில் ஒரு கிலோ யுரேனியம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் அரைத்த சேறாகப் பழங்குடி கிராமங்களை ஒட்டிய கழிவுக் குட்டைகளில் கிடக்கிறது. 2006 டிசம்பரில் அந்தச் சேற்றைக் கொண்டுபோகும் குழாய் உடைந்து, மணிக்கணக்கில் ஓடையில் கலந்தது.

இவற்றையெல்லாம் கண்காணிக்க வேண்டிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் வெறும் அரசாணையால் உருவானது. சுரங்கம் நடத்தும் பொதுத்துறை நிறுவனத்தைப் போலவே அதுவும் அணுசக்தித் துறையின் நிழலில்தான் வளர்ந்தது. கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்! வாரியத்துக்குப் போதிய அதிகாரம் இல்லை, அபராதத் தொகையும் சொற்பம் என்று 2012இலேயே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் குட்டு வைத்தார்.

சட்டத் திருத்தம், தனி ஆணையம் என்பதெல்லாம் டெல்லியில் பேசட்டும். முதலில், குடிநீரிலும் காற்றிலும் அளந்த கதிர்வீச்சு விவரத்தை மாதந்தோறும் அங்குள்ள பழங்குடியினர் பேசும் சந்தாலியிலும் இந்தியிலும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

– வாசகர், செங்கல்பட்டு