வெள்ளத்தில் உதவிய சாத்தூர் அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

செய்முறைத் தேர்வு நேற்று சாயங்காலம் முடிந்தது. எக்ஸ்டர்னலாக வந்த ஆசிரியரைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தவன், ஷெட்டைப் பூட்ட மனசில்லாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிளஸ் டூ பிள்ளைகள் 22 பேரும் தேர்வுக்கு வந்தார்கள். ஒருவர்கூட விடுபடவில்லை. டிசம்பர் 17 வெள்ளத்துக்குப் பிறகு இப்படி ஒரு வரி எழுதுவேன் என்று நான் நினைக்கவில்லை. அந்த நாட்களைப் பற்றித் தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? ஷெட் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.

நான் தொழிற்கல்வி ஆசிரியர். பாடப்புத்தகத்தில் ‘தானியங்கி ஊர்திப் பொறியியல்’ என்று போட்டிருக்கும். ஊரில் என்னை ஆட்டோமொபைல் சார் என்பார்கள். எங்கள் ஷெட்டின் சொத்து என்று சொன்னால், ஸ்டாண்டில் ஏற்றி வைத்த ஒரு பழைய மாருதி 800 இன்ஜின்தான். மூன்று சிலிண்டர், 796 சிசி. அதை ஸ்டார்ட் செய்து காட்டும் நாளில் மற்ற வகுப்புப் பிள்ளைகளும் ஜன்னலில் வந்து தொங்குவார்கள். அது மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தது.

தண்ணீர் வடிந்து, வெயிலும் அடித்தது. ஷெட்டைக் கழுவ வந்த பையன்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாலு பேருக்கு வீடே இல்லை. சரி, இன்ஜின் சத்தத்தையாவது கேட்கட்டும் என்று பேட்டரியைக் கடன் வாங்கி வந்து ஒயரை மாட்டிக்கொண்டிருந்தேன். பள்ளியில் அப்போது முகாம் நடந்துகொண்டிருந்தது. ரொட்டியும் போர்வையும் ஏற்றிவந்த ஒரு சின்ன லாரி, அதற்கு மேல் ரோடு இல்லாததால் எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டது. கூட வந்தவர்கள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்தெருக்களுக்குப் போய்விட்டார்கள். வண்டிக்குக் காவலாக டிரைவர் மட்டும் இருந்தார். ராத்திரி முழுக்க ஓட்டிவந்த மனிதர், கை கழுவக் குழாயடிக்கு வந்தார்.

“சார், ஒரு நிமிஷம். பிளக்கைக் கழட்டிப் பாத்தீங்களா?”

“நல்லா காஞ்சிருச்சுங்க.”

“வெளிய காஞ்சிருக்கும். உள்ள?”

பிளக் ஸ்பேனரை அவரே எடுத்தார். மூன்று ஸ்பார்க் பிளக்கும் வெளியே வந்தன. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு மெதுவாகச் சுற்றச் சொன்னார். இரண்டாவது சிலிண்டரிலிருந்து செந்தண்ணீர் பீச்சி அவர் சட்டையில் அடித்தது. அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது உள்ளே தண்ணீரோடு பிஸ்டன் மேலே ஏறினால் அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். 14 வருஷமாகப் போர்டில் நாலு ஸ்ட்ரோக் படம் போட்டு நடத்தியவன் நான். அன்று சாவியைத் திருப்பியிருந்தால் பள்ளிக்கு இருந்த ஒரே இன்ஜினும் என் கையாலேயே போயிருக்கும்.

அதற்குப் பிறகு அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். “என் கைய வச்சு நீங்க பரீட்சை எழுத முடியாதுல்ல தம்பி?” என்று பையன்களிடமே வேலையை விட்டார். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைத் திறந்தார்கள். முதலில் தண்ணீர், அப்புறம் பால் டீ நிறத்தில் ஆயில். அவர் வண்டியில் இருந்த கேன் டீசலை ஊற்றி இரண்டு தடவை அலசினார்கள். சிலிண்டருக்குக் கொஞ்சம் ஆயில் விட்டுக் கையாலேயே சுற்றினார்கள். கார்புரேட்டரைக் கழற்றிச் சேற்றை ஊதினார்கள். நாலு மணி நேரம் வண்டியில் கால் நீட்டித் தூங்கியிருக்கலாம் அவர். பொழுது சாய்கிற நேரத்தில் இன்ஜின் பிடித்தது. வெள்ளைப் புகையைத் துப்பி, இருமி, நின்று, மறுபடி பிடித்தது. என் பையன்கள் போட்ட கூச்சலில் முகாமில் படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள்.

மறுநாள் அந்தப் பையன்கள் என்னைக் கேட்காமலே பிளக் ஸ்பேனரும் கேனுமாகத் தெருவில் இறங்கினார்கள். முங்கிக் கிடந்த பைக்கை உதைக்கப் போகிறவர்களைப் பார்த்து, “உதைக்காதீங்க அண்ணாச்சி!” என்று கத்திக்கொண்டே ஓடுவார்கள். பிளக்கைக் கழற்றி, ஆயிலை மாற்றி, ஏர் ஃபில்டரைக் காயவைத்து எத்தனை பைக்கை எழுப்பினார்கள் என்று கணக்கில்லை. புதிய புகை விதிப்படி வந்த பி.எஸ்.6 வண்டி என்றால் மட்டும், அதில் பெரும்பாலும் கார்புரேட்டர் இருக்காது, சர்வீஸ் சென்டருக்கே தள்ளிட்டுப் போங்க என்று ஒதுங்கிக்கொண்டார்கள். மார்க் எடுக்காதவன் போய் விழும் குரூப் என்று எங்கள் பிரிவைச் சொல்வார்கள். சொல்லட்டும். ஜூனில் புது வகுப்பு வந்ததும் புத்தகத்துக்கு முன்னால் ஸ்பார்க் பிளக்கைத்தான் கையில் கொடுப்பேன். முதல் பாடம் தண்ணீர் புகுந்த இன்ஜின்தான்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். நனைந்து போன ரெக்கார்டு நோட்டுக்குப் பதிலாகத் தங்கள் பழைய நோட்டைக் கொடுத்தனுப்பிய முன்னாள் மாணவர்கள், கேஸ்கெட்டைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு இன்றுவரை பணம் கேட்காத ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர், டூல்ஸ் இரவல் தந்த பாலிடெக்னிக் நண்பர், சேறு அள்ளிய பெற்றோர், தினமும் சுக்குக்காபி போட்டுத் தந்த சத்துணவு அக்கா, எல்லோருக்கும் என் கும்பிடு.

லாரி ஓட்டிவந்த அண்ணாச்சி, உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டது என் தப்பு. சாத்தூர் பக்கம் என்று மட்டும் சொன்னீர்கள். மெல்லிய இடைவெளியை அளக்கும் எங்கள் ஃபீலர் கேஜ் பிளேடுகள் துருப்பிடித்து ஒட்டிக்கிடந்ததைப் பார்த்து, சீட்டுக்கு அடியிலிருந்த துணிச் சுருளிலிருந்து உங்களுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நேற்று வால்வ் கிளியரன்ஸ் செட் செய்த பையன் அதைத்தான் வைத்திருந்தான். வால்வை அழுத்தும் ராக்கருக்கு அடியில் பிளேடைவிட்டு இழுத்துப் பார்த்து, “லேசா பிடிக்குது சார், போதும்” என்றான். எக்ஸ்டர்னல் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். பழைய சாமானாக இருக்கிறதே, எங்கே வாங்கியது என்று என்னிடம் கேட்டார். இரவல் என்றேன்.

ஒரு பிளேடு நுனி ஒடிந்திருக்கிறது. அது முன்பே அப்படித்தான் இருந்தது. ஆயில் தடவி, அதே துணியில் சுற்றி என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். எங்கே கொண்டுவந்து தரவேண்டும் என்று யார் மூலமாவது சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிவிடுவேன். பையன்கள் நாலு பேர் கூட வருவார்கள். டீசல் பம்ப் பற்றி உங்களிடம் ஏதோ கேட்க வேண்டுமாம்.