முடிவு தெரியாதவர்களின் நாட்கள்

அன்புள்ள மகளுக்கு,

சென்ற வாரம் பேசியபோது, "எப்படி முடிந்தது என்று ஊருக்கே தெரிந்த கதையைத் திரும்பத் திரும்பப் படிப்பதில் என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டாய். அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். கேள்வி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. நான் வரலாற்றை முறையாகப் பயின்றவள் அல்லள். நூலகத்தில் கைக்குக் கிடைத்ததைப் படித்து வளர்த்துக்கொண்ட ஆர்வம்தான் என்னுடையது. எனக்குத் தோன்றும் விடை இதுதான்: முடிவு நமக்குத் தெரியும், அன்று வாழ்ந்தவர்களுக்குத் தெரியாது, அந்த இடைவெளிதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது.

இந்தியாவை அளக்கும் பெரிய நில அளவைப் பணியைத் தொடங்கிய ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டனை எடுத்துக்கொள். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே நூறு அடிச் சங்கிலி ஒன்றைத் தரைமேல் நீட்டி அவர் அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள ஒரே ஒரு நேர்கோட்டை அளப்பதற்கு அந்தச் சங்கிலியை ஏறத்தாழ நானூறு முறை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கோடு சரியாக அமைந்தால், அதிலிருந்து கோணங்களை மட்டும் அளந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடு முழுவதையும் கணக்கிட்டுவிடலாம். அது பிழைத்தால் பின்னால் வரும் எல்லாமே பிழைக்கும். கோணங்களை அளக்க அவர் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த தியோடலைட் கருவி அரை டன் எடை கொண்டது. அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுபோக, அங்கிருந்த ஆளுநர் அது அறிவியல் கருவி என்பதை உணர்ந்து மரியாதையோடு அனுப்பி வைத்தார் என்பதைப் படிக்கும்போதெல்லாம், போருக்கு நடுவிலும் மனிதர்கள் இப்படி நடந்துகொண்டார்களே என்று நெஞ்சு நிறைகிறது.

அத்தனை இடர் கடந்து வந்த கருவிதான் 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அடிபட்டது. சுற்றிலும் சமவெளியாக இருந்ததால், உயரம் வேண்டி அதை விமானத்தின் மேல் ஏற்றினார்கள். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் தம் வேலையாட்களுடன் உட்கார்ந்து, வளைந்துபோன வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து நிமிர்த்தி, ஆறு வாரங்களில் அதை மீண்டும் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவந்தார். அந்த ஆறு வாரங்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். அது சரியாகும் என்று அவருக்கு யாரும் உறுதி சொல்லியிருக்க முடியாது. கயிற்றைப் பிடித்திருந்தவர்களின் பெயர்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை. அன்று இரவு அவர்கள் தூங்கியிருப்பார்களா என்று கூட எனக்குத் தோன்றும்.

லாம்டன் 1823இல் நாகபுரிக்குப் போகும் வழியில் ஹிங்கண்காட் என்ற இடத்தில், ஏறத்தாழ எழுபது வயதில், வேலை முடியாமலே இறந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் அந்த அளவீட்டை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டுபோனார். அதற்குப் பிறகு, நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லாததால் நூறு மைலுக்கும் அப்பாலிருந்து பார்த்து எழுதிய கோணங்களை வைத்துக்கொண்டு, கல்கத்தாவில் தலைமைக் கணிப்பாளராக இருந்த ராதாநாத் சிக்தார், பதினைந்தாம் சிகரம் என்று எண்ணால் மட்டுமே அறியப்பட்டிருந்த ஒரு மலையின் உயரத்தைக் கணக்கிட்டார். உலகத்திலேயே உயரமான மலையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவர் அதிகாரியின் அறைக்குள் ஓடினார் என்றொரு கதை உண்டு. நான் அதை நம்பவில்லை. அதிகாரி ஆண்ட்ரூ வா அப்போது டேராடூனில் இருந்தார்; சிக்தாரோ கல்கத்தாவில் இருந்தார். காற்றில் ஒளி வளைவதற்கான திருத்தங்களையெல்லாம் மீண்டும் மீண்டும் சரிபார்த்த பிறகு, 1856இல்தான் 29,002 அடி என்று அறிவித்தார்கள். இன்றைய அளவீட்டுக்கும் அதற்கும் முப்பது அடிதான் வித்தியாசம். மலைக்குத் தம் பெயரை வைப்பதை எவரெஸ்டே விரும்பவில்லை என்பது பலருக்குத் தெரியாது. சிக்தாருக்கு நேர்ந்ததுதான் எனக்கு ஆறவில்லை: 1851இல் வெளிவந்த நில அளவைக் கையேட்டின் முன்னுரையில் அவருடைய பங்கைக் குறிப்பிட்டிருந்தார்கள், அவர் இறந்த பிறகு, 1875இல் வந்த பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள்.

உன் கேள்விக்கு என்னிடம் உள்ள இன்னொரு விடை ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்தவர் என்று பள்ளியில் படித்திருப்பாய். 1736 செப்டம்பர் முதல் அவர் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பில் கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரிடம் கோபித்துக்கொண்டார்கள் என்பது வரை எல்லாம் இருக்கின்றன. பெரிய செய்தியும் சிறிய செய்தியும் ஒரே கனத்தில் அதில் வருகின்றன. எது பின்னாளில் பெரிதாகும் என்று எழுதியவருக்குத் தெரியாது அல்லவா? 1761 ஜனவரியில் ஆங்கிலேயரின் முற்றுகையில் புதுச்சேரி பட்டினி கிடந்தபோது அவர் இறந்தார். சில நாட்களில் நகரம் சரணடைந்தது. கால் நூற்றாண்டு ஒரு நகரத்தின் ஒவ்வொரு நாளையும் எழுதிய மனிதர், அதன் கடைசி நாளைக் காணவில்லை.

இப்போது அந்த நாட்குறிப்பை ஒரு புதிய முறையில் படித்துவருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு தேதி மட்டும். அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. 1746 செப்டம்பருக்கு வந்திருக்கிறேன். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனேயின் கப்பல்கள் சென்னைக்கு எதிரே நிற்கின்றன. ஆங்கிலேயரின் கோட்டை இன்னும் விழவில்லை.

அன்புடன்,
அம்மா