பிள்ளை சொல்லை மாற்றிச் சொன்னால்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் பிள்ளைகளின் பேச்சுப் பதிவுகள் நிறைய வருகின்றன. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இனி அனுப்ப வேண்டாம். ஊரே கேட்டுச் சிரித்தது என்று தெரிந்தால் சில பிள்ளைகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. பதிலுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். தேதி, பிள்ளை சொன்ன சொல், சொல்ல வந்த சொல். இவ்வளவு எழுதினால் போதும்.

எல்லாக் குளறுபடியும் ஒன்றல்ல. குதிரை 'குருதை' ஆனால் எழுத்து இடம் மாறியிருக்கிறது. மதுரையை மருதை என்கிற நாம் இதற்குச் சிரிக்க முடியாது. விசிறி சிவிறி ஆவதை இலக்கணப்போலி என்று இலக்கணமே ஏற்றுக்கொள்கிறது. 'தூங்கிச்சேன்', 'எழுதிச்சேன்' வேறு வகை. குடிச்சேன், படிச்சேன் என்று கேட்டுப் பழகிய பிள்ளை அதில் ஒரு விதியைத் தானே கண்டுபிடித்து எல்லா வினைக்கும் மாட்டிவிடுகிறது. இதைப் பிழை என்று சொல்லவே எனக்கு மனம் வராது. 'நாளைக்குப் பேஞ்ச மழை' என்பதும் தானாகச் சரியாகும்.

"தப்பு, திருப்பிச் சொல்லு" என்று நிறுத்தாதீர்கள். சொல்ல வந்த விஷயமே பிள்ளைக்கு மறந்துபோகும். "தூங்குனியாலே? எவ்வளவு நேரம் தூங்குன?" என்று பதிலிலேயே சரியான சொல்லை இரண்டு முறை காதில் போடுங்கள்.

காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தின் 'கடலுடுத்த' பல வாயில் 'கடலெடுத்த' ஆகிறது. பொருள் புரியாத இடத்தில் தெரிந்த சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆச்சி சேலை உடுத்துவதைக் காட்டி, நிலம் கடலை அப்படி உடுத்தியிருக்கிறது என்று சொல்லுங்கள், பிறகு மாறாது.

நம் திருநெல்வேலிப் பக்கத்தின் பெரிய சிக்கல் ழகரம். வீட்டில் எல்லோரும் 'வாளப்பளம்' என்றால் பிள்ளை ழகரத்தை எங்கே கேட்கும்? சொல்வதெழுதுதலில் மழை 'மளை' ஆவது இதனால்தான். கண்ணாடி முன் நிறுத்துங்கள். ல சொல்ல நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால் தொடும். ள சொல்ல நுனி மடங்கி அண்ணத்தைத் தொடும். ழ சொல்ல மடங்கும், தொடாது. தொட்டால் ளகரமாகிவிடும். முதலில் ஏழு, மழை, பழம், அடுத்து கிழமை, ழவும் ளவும் சேர்ந்து வரும் தாழ்ப்பாள் கடைசியில். தினம் ஐந்து நிமிடம் போதும். தனி ஒலி வருமுன் 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி'யை ஏவாதீர்கள். நாக்கு குழம்பித் தவறே பழகிவிடும்.

சிரட்டை, வாரியல், வெஞ்சனம் (தொட்டுக்கொள்ளும் கறி), பைய (மெதுவாக): இவை நம் வட்டாரச் சொற்கள், பிழையல்ல, திருத்தாதீர்கள். பாடநூலில் கொட்டாங்குச்சி, துடைப்பம் என்று வந்தால் இரண்டையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

நான்கு வயதைத் தாண்டியும் வெளியாளுக்குப் பேச்சு புரியாவிட்டாலோ, அடிக்கடி காதில் சீழ் வடிந்தாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். காது சரியாகக் கேட்காமல் நாக்கைத் திருத்திப் பயனில்லை.

நோட்டை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். திங்கட்கிழமை திரும்பி வரும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்