மீட்டர் முள்ளையும் பாருங்கள்: படகு ஆய்வு அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

விசைப்படகுகளை ஆய்வு செய்து சான்று வழங்கும் அலுவலர்கள் அனைவருக்கும், வணக்கம்.

கச்சான் காற்று வலுத்திருந்த அந்த இரவில் எங்கள் துறைமுகத்துப் படகு ஒன்று இன்ஜின் நின்றுபோய் இலங்கைக் கடல் எல்லைக்கோட்டை நோக்கி ஒதுங்கிய விவரம் உங்களுக்குத் தெரியும். அருகில் வலை இழுத்துக்கொண்டிருந்த இன்னொரு படகு தன் பாட்டை விட்டுவிட்டு வந்து கயிறு கட்டி இழுத்ததால் நான்கு பேரும் வீடு திரும்பினார்கள். அதன் பிறகு விசாரணை நடந்தது. விசாரணைக் குறிப்பின் கடைசி வரியில் "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரு வரிதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

நான் பாக் நீரிணைக் கரையில் படகுகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன். அந்தப் படகைக் கரைக்கு இழுத்துவந்து கட்டிய மறுநாள் உரிமையாளர் கூப்பிட்டதால் இன்ஜின் அறைக்குள் இறங்கிப் பார்த்தேன். வெப்பத்தை ஆற்றும் கூட்டிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் நீளவாக்கில் கிழிந்திருந்தது. உள்ளே சுற்ற வேண்டிய நல்ல தண்ணீர் முழுவதும் படகின் அடித்தளத்தில் கிடந்தது. பிஸ்டன் இறுகிவிட்டது. ஓட்டுநரிடம் கேட்டேன். "மீட்டரைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன் அண்ணே. எண்பதை ஒட்டி நின்ற முள் கொஞ்சம் இறங்கியது. நல்லதுதானே என்று நினைத்தேன்" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. வெப்ப மீட்டருக்குச் செய்தி அனுப்பும் சென்சாரின் நுனி தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீரே வெளியேறிவிட்டால் அந்த நுனி வெறும் காற்றிலும் ஆவியிலும் நிற்கிறது. இரும்பு கொதித்துக்கொண்டிருக்க, சென்சார் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை மட்டும் சொல்கிறது. முள் பின்னால் சாய்கிறது. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பவனைத்தான் இது முதலில் ஏமாற்றும். அந்த மனிதரைக் கவனக்குறைவானவர் என்று எழுதினால் அவருக்கு அடுத்த படகில் வேலை கிடைக்காது. இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கும் செலவையும் அவர் பங்கிலிருந்து பிடிப்போம் என்று உரிமையாளர் தரப்பு பேசத் தொடங்கிவிட்டது. உங்கள் குறிப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய இன்னொரு மீட்டர் அதே பலகையில் இருந்தது. இன்ஜின் சூடேறினால் ஆயில் இளகும், ஆயில் அழுத்தம் குறையும். அந்த முள் சரியாக இருந்திருந்தால் அது இறங்குவதைக் கண்டு அவர் இன்ஜினை நிறுத்தியிருப்பார், குழாயை மாற்றியிருப்பார், விடியும் முன் கரைக்கு வந்திருப்பார். நான் சாவியைத் திருப்பியபோது, இன்ஜின் ஓடாமலேயே ஆயில் மீட்டரின் முள் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. அதற்குக் காரணமும் தெளிவு. சந்தையில் இரண்டு வகை ஆயில் சென்சார்கள் விற்கின்றன. ஒன்றின் மின்தடை அழுத்தம் இல்லாதபோது 10 ஓமில் தொடங்கி, அழுத்தம் ஏற ஏற 180 ஓம் வரை போகும். மற்றொன்று தலைகீழ்: 240 ஓமில் தொடங்கி 33 ஓமுக்கு இறங்கும். முதல் வகைக்கான மீட்டரில் இரண்டாம் வகைச் சென்சாரை மாட்டியிருக்கிறார்கள். மரை பொருந்திவிட்டதால் வேலை முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். உளறுகிற மீட்டரை எந்த ஓட்டுநரும் சில நாட்களில் பார்ப்பதை நிறுத்திவிடுவார்.

இந்தப் படகு இந்தப் பருவத்துக்கு முன்பு உங்கள் ஆய்வில் தேறிய படகு.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நீங்கள் வருகிறீர்கள். பதிவுச் சான்றைப் பார்க்கிறீர்கள். படகின் நீளத்தை அளக்கிறீர்கள். இன்ஜினின் குதிரைத்திறனைச் சரிபார்க்கிறீர்கள். உயிர்காப்பு மிதவைகளை எண்ணுகிறீர்கள், படகின் வண்ணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். அவை எல்லாம் தேவைதான். ஆனால் அப்போது பல படகுகள் கரையேற்றப்பட்டு, பெயின்ட் அடித்துக் கிடக்கின்றன. கடல்நீர் இழுக்காமல் இன்ஜினைச் சில நிமிடங்களுக்கு மேல் ஓடவிட முடியாது. முட்கள் எல்லாம் சுழியத்தில் தூங்குகின்றன. எது உண்மை சொல்லும், எது பொய் சொல்லும் என்று அந்த நிலையில் யாருக்கும் தெரியாது.

ஆகவே என் கோரிக்கை இது ஒன்றுதான். படகுகள் மீண்டும் தண்ணீரில் இறங்கிய பிறகு, கடலுக்குப் போக அனுமதிக்கும் பருவத்தின் முதல் டோக்கனைக் கொடுக்கும் முன்பு, இன்ஜினை ஓடவிட்டு மீட்டர்களைப் பாருங்கள். ஆய்வுப் படிவத்தில் அதற்கு ஒரு வரி சேருங்கள்.

இதற்குப் பொறியாளர் யாரும் வரத் தேவையில்லை. சாவியைத் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல் முட்களைப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். ஆயில் முள் சுழியத்தில் இருக்க வேண்டும். பிறகு விளக்குகளைப் போடச் சொல்லுங்கள். விளக்கு எரிந்ததும் எல்லா முட்களும் ஒன்றாக அசைந்தால் மீட்டர்களின் மேல் குற்றம் இல்லை, எர்த் இணைப்பில் உப்புப் பூத்திருக்கிறது. கடலில் நான் பார்க்கும் மீட்டர் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த எர்த் வயரில்தான் தொடங்குகின்றன. பச்சை பிடித்த முனையைச் சுரண்டி, வயர் முனையில் புதிய லக் (உலோக இணைப்பு முனை) அழுத்தி, கிரீஸ் தடவினால் தீர்ந்தது. ஒரு முள் மட்டும் தனியாகத் தவறினால் சென்சார் முனையிலிருக்கும் வயரைக் கழற்றிப் பார்க்கலாம். பிறகு ஒரு நொடி மட்டும் இன்ஜின் உடம்பில் தொட்டுப் பார்க்கலாம். முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடினால் மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு சென்சாரில். ஓடவில்லை என்றால் வயரைப் பின்தொடர வேண்டும். ஒற்றை வயர்ச் சென்சாருக்கு அதன் மரைதான் எர்த். கசியாமல் இருக்கட்டும் என்று அந்த மரையில் வெள்ளை டேப்பைத் தடிமனாகச் சுற்றிவிடுகிறார்கள். எர்த் கிடைக்காமல் நல்ல சென்சாரும் ஊமையாகிவிடுகிறது. கடைசியாக, இன்ஜின் ஓடும்போது 24 வோல்ட் படகில் வோல்ட் மீட்டர் 28ஐ ஒட்டி நிற்க வேண்டும். 24க்குக் கீழே சரிந்துகொண்டே போனால் ஆல்டர்நேட்டர் பேட்டரிக்கு ஊட்டவில்லை என்று பொருள். அந்தப் படகில் நள்ளிரவுக்கு மேல் வயர்லெஸ்ஸும் இருக்காது, விளக்கும் இருக்காது.

இந்த வேலைக்கு ஒரு மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் போதும். கூடவே, தண்ணீர்த் தொட்டியில் மட்டம் குறைந்தால் ஒலிக்கும் சுவிட்ச், ஆயில் அழுத்தம் விழுந்தால் ஒலிக்கும் சுவிட்ச் இரண்டையும் ஒரு பஸ்ஸரோடு கட்டாயமாக்குங்கள். அந்தப் படகில் பஸ்ஸர் இருந்தது. அதன் வயர் எப்போதோ வெட்டி விடப்பட்டு, முனையில் டேப் சுற்றியிருந்தது.

ஐயா, இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 ஆகஸ்ட் 30 அன்று ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்களில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கி வைத்தார். சுமார் 360 கோடி ரூபாய் செலவு. இஸ்ரோ உருவாக்கிய கருவி. நடுக்கடலில் ஆபத்து என்றால் கரைக்குச் செய்தி சொல்லும். நல்ல திட்டம், நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் ஆபத்து வந்த பிறகு சொல்லும் கருவிக்குக் காட்டும் அக்கறையில் நூறில் ஒரு பங்கை ஆபத்து வரும் முன்பே சொல்லும் முள்ளுக்குக் காட்டக் கூடாதா? இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்கள் பற்றி மேடைகளிலும் சட்டமன்றத்திலும் பேசப் பேச, எல்லைக்கோடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. மீன் தேடிப் போனவனா, இன்ஜின் நின்று காற்றில் ஒதுங்கியவனா என்று இருட்டில் யாரும் நின்று விசாரிக்கப் போவதில்லை. கோட்டை நகர்த்த உங்களால் முடியாது, எனக்கும் தெரியும். ஒரு படகு கோட்டின் பக்கம் செயலற்று ஒதுங்காமல் இருக்கச் செய்வது உங்கள் கையில் இருக்கிறது. இதையும் செய்யாமல், நடந்த பிறகு கூலிக்கு ஓட்டுகிறவன் தலையில் பழியை எழுதுவது எந்த வகையில் நியாயம்?

இவ்வளவு கடுமையாகப் பேசியதற்கு நடந்த சம்பவம்தான் காரணம். உங்களில் பலர் வெயிலில் நின்று, ஒரே நாளில் எத்தனையோ படகுகளைப் பார்த்து முடிக்கிறீர்கள் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆட்கள் போதவில்லை என்றால் அதையும் மேலே எழுதுங்கள். துறைமுகந்தோறும் எங்களைப் போன்ற வயரிங் ஆட்களை அழையுங்கள். பெரிய துறைமுகங்களிலாவது சென்சார்களைச் சோதித்துப் பார்க்க ஒரு மேசையும், சரியான வகையைச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் இருந்தால் கடையில் கிடைத்ததை மாட்டும் பழக்கம் குறையும்.

பணிவோடு மீண்டும் கேட்கிறேன். அடுத்த ஜூன் 14க்குள், தண்ணீரில் மிதக்கும் படகில் இன்ஜினை ஓடவிட்டு மீட்டர்களைப் பார்த்த பிறகே டோக்கன் என்று உத்தரவு போடுங்கள். அந்த ஓட்டுநரின் விசாரணைக் குறிப்பை மறுபடி திறந்து, ஆயில் சென்சார், வெட்டப்பட்ட பஸ்ஸர் வயர், கிழிந்த குழாய் மூன்றையும் பதிவு செய்து, "கவனக்குறைவு" என்ற சொல்லை நீக்குங்கள். கழற்றிய சென்சாரையும் வயரையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். எந்த நாள், எந்த அலுவலகம் என்று சொன்னால் கொண்டுவந்து உங்கள் முன்னிலையில் சோதித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பாக் நீரிணைக் கரையின் படகு வயரிங் தொழிலாளி ஒருவன்