அந்த ஆயாவுக்கும் ஒரு காட்சி வேண்டும்: பிபிசி நாடகப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

பிபிசி தொலைக்காட்சி நாடகப் பிரிவினருக்கு,

வணக்கம். தமிழில் எழுதினால் எங்களுக்கு எப்படிப் புரியும் என்று நீங்கள் தட்டிக்கழிக்க முடியாது. 1941 முதல் தமிழில் பேசிக்கொண்டிருக்கும் நிறுவனம் உங்களுடையது. உங்கள் ஆட்களையே கேட்டால் படித்துச் சொல்லிவிடுவார்கள்.

விஷயம் 'பெர்க்லி ஸ்கொயர்' பற்றியது. 1998-ல் நீங்கள் ஒளிபரப்பிய பத்துப் பகுதித் தொடர். கதை நடப்பது 1902-ல், லண்டன் மேஃபேரில். பணக்கார வீட்டுப் பிள்ளைகளை வளர்க்க வந்த மூன்று நானிகள்: கிழக்கு லண்டன் மேட்டி, டெவன் பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்த லிடியா, யார்க்‌ஷயரிலிருந்து ஓடிவந்த ஹன்னா. ஒரே பருவத்தோடு மூட்டை கட்டிவிட்டீர்கள். பிரபு வீட்டுச் சாப்பாட்டு மேசையையும் அதில் கரண்டி அடுக்கும் பட்லரையும் காட்டுகிற தொடர்கள் ஐந்தாறு பருவம் ஓடுகின்றன. பிள்ளை வளர்த்தவளுக்கு ஒரு பருவம் போதும் என்று யார் முடிவு செய்தார்களோ! அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் இந்த மடல் அதற்காக அல்ல. அந்தக் காலத்துக்கு நீங்கள் திரும்பவும் போவீர்கள், போகாமல் இருக்க உங்களால் முடியாது. அப்போது இந்தியாவிலிருந்து வந்த ஆயாவுக்கும் கதையில் ஓர் இடம் கொடுங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில், நன்றாகச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஹன்னாவின் கதை. கல்யாணமாகாமல் பெற்ற கைக்குழந்தையை வெளியில் ஒருத்தியிடம் விட்டுவிட்டு, போலி நற்சான்றுக் கடிதத்தோடு அடுத்தவர் பிள்ளையை வளர்க்கப் போகிறாள். இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்கு இது சீரியல் திருப்பம் மாதிரி தெரியும். அந்தக் காலத்தில் அந்தக் கடிதம்தான் ஒரு வேலைக்காரியின் முழு ஆஸ்தி. முந்தைய எஜமானி எழுதித் தராவிட்டால் அடுத்த வீட்டுக் கதவு திறக்காது. எழுதித் தந்தே ஆக வேண்டும் என்று எஜமானியைக் கட்டாயப்படுத்தவும் வழி கிடையாது. ஆனால் போலிக் கடிதம் காட்டினால் குற்றம். 1792-லேயே அதற்கென்று தனிச் சட்டம் போட்டிருந்தார்கள். அபராதம் 20 பவுண்டு. இளம் வேலைக்காரி ஒருத்தியின் ஓராண்டுச் சம்பளமே அவ்வளவு தேறாது.

பிள்ளையை வெளியில் விட்ட பயமும் அப்படித்தான். பணம் வாங்கிக்கொண்டு கைக்குழந்தைகளை வளர்ப்பதாகச் சொல்லிக் கொன்று தேம்ஸ் நதியில் போட்ட அமேலியா டையரை நியூகேட் சிறையில் தூக்கிலிட்டது 1896-ல். உங்கள் கதை நடக்கும்போது அதற்கு ஆறு வயதுதான். லண்டன் மறந்திருக்காது. இதையெல்லாம் பாடமாக எடுக்காமல் ஹன்னாவின் முகத்திலேயே காட்டினீர்கள். சபாஷ்.

விடுபட்டது என்ன? நானி வீட்டுக்குள் வருவதைக் காட்டினீர்கள், போவதைக் காட்டவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டால் வளர்த்தவளுக்கு வேலை இல்லை. அந்தத் தொழிலின் இயல்பே அது. வின்ஸ்டன் சர்ச்சிலின் நானி எலிசபெத் எவரெஸ்ட் கதை உங்கள் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 1875-ல் வேலைக்குச் சேர்ந்தவர். தாய் விருந்துகளிலும் தகப்பன் அரசியலிலும் இருக்க, பள்ளி விடுதியிலிருந்து பிள்ளை மனம்விட்டுக் கடிதம் எழுதியது அவருக்குத்தான். 1893-ல், சின்னவன் ஜாக்குக்கும் 13 வயதான பிறகு, சிக்கனம் என்று சொல்லி அவரை நிறுத்திவிட்டார்கள். வின்ஸ்டன் தாயோடு கடிதத்தில் சண்டை போட்டும் நடக்கவில்லை. 1895-ல் எவரெஸ்ட் இறக்கும்போது பக்கத்தில் இருந்ததும், கல்லறைக்குக் கல் வைத்ததும் அந்தப் பிள்ளைதான். பதினெட்டு வருட வேலைக்கு அந்தக் குடும்பம் கொடுத்த மரியாதை இவ்வளவு. இதுவோ பேர் சொல்லும் குடும்பம், ஊர் அறிந்த பிள்ளை. பேர் தெரியாத வீடுகளில் எப்படி நடந்திருக்கும்?

எங்கள் பழைய பாட்டில் வளர்ப்புத்தாயான செவிலிக்குச் சொந்தக் குரல் உண்டு. காதலனோடு போய்விட்ட மகளைத் தேடிப் பாலை வழியில் நடப்பவள் செவிலி. எதிரே வரும் அந்தணர்களை நிறுத்தி, 'என் மகள் ஒருத்தியும் பிறள் மகன் ஒருவனும்' இந்த வழியில் போனார்களா என்று கலித்தொகையில் அவள் கேட்கிறாள். பெற்றவளல்ல, வளர்த்தவள். ஆனாலும் 'என் மகள்' என்றே சொல்கிறாள். அங்கே யாரும் அவளைத் திருத்தவில்லை. உங்கள் மேஃபேர் வீட்டில் ஒரு நானி அப்படி வாய்தவறிச் சொல்லியிருந்தால் மறுநாள் பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். அங்கே நானிக்குத் தன் பெயர்கூட முழுதாகச் சொந்தமில்லை. ஹைட் பார்க்கில் குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு சந்திக்கும் நானிகள் ஒருவரையொருவர் எஜமானர் வீட்டுப் பெயரால் அழைத்துக்கொள்வது வழக்கம். எஜமானர் பிரபுவானால் நானியும் ஒரு படி மேலே. பூங்கா பெஞ்சில் யார் எங்கே உட்காரலாம் என்பதுவரை அந்தப் படிவரிசை போகும். நம் ஊர் ஜாதிக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இது சிரிப்பும் எரிச்சலும் கலந்து வரும் இடம்.

இனி, நான் எழுத வந்த காரணம். 1902-ல் பெர்க்லி ஸ்கொயரிலிருந்து ஐந்து மைல் அளவில், ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் ரோடு 26-ஆம் எண்ணில் ஒரு வீடு இருந்தது. ஆயாக்கள் இல்லம். லண்டன் ஆல்ட்கேட்டில் இருந்ததை 1900-ல் லண்டன் சிட்டி மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு ஏற்று அங்கே மாற்றியது. இந்தியாவிலிருந்து விடுமுறைக்கோ, ஒரேயடியாகவோ திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாவையும் கூட்டி வருவார்கள். ஊர் வந்து சேர்ந்ததும் அவள் தேவையில்லை. ஆண்டுக்கு நூறு பேர் அளவில் அந்த இல்லத்தில் வந்து தங்கினார்கள். அமா என்று அழைக்கப்பட்ட சீனத்து ஆயாக்களும் அங்கே வந்தார்கள்.

அந்த இல்லம் நடந்த விதத்தைக் கேளுங்கள், உங்கள் எழுத்தாளர்கள் கை துறுதுறுக்கும். ஒழுங்கான எஜமானி என்றால் ஆயாவோடு அவளுடைய திரும்பும் பயணச் சீட்டையும் இல்லத்தில் ஒப்படைப்பார். இந்தியாவுக்குப் புறப்படும் வேறொரு குடும்பத்துக்கு வழியில் பிள்ளை பார்க்க ஆயா வேண்டும். அவர்கள் வந்து அந்தச் சீட்டைப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள், சீட்டோடு ஆயாவையும் அழைத்துப் போவார்கள். அந்தப் பணத்தில்தான் அவள் காத்திருந்த நாட்களின் சாப்பாட்டுச் செலவு கழியும். கப்பல் சீசன் மாறினால் காத்திருப்பு மாதக்கணக்கில் நீளும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், மேலும் கீழும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வரும் சீமாட்டி, கையில் சீட்டோடு நடுவில் நிற்கும் மேட்ரன், அதாவது இல்லத்து நிர்வாகி. ஒரு முழுப் பகுதிக்கு இது ஒன்றே போதாதா?

ஒழுங்கில்லாத எஜமானிகளும் உண்டு. 1908-ல் ஒரு ஆயாவைக் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் கையில் ஒரு பவுண்டைக் கொடுத்து விட்டுவிட்டுப் போனது அரசு ஆவணத்திலேயே ஏறியிருக்கிறது. திரும்ப அனுப்புவோம் என்று எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தானே கேட்பதற்கு? இப்படி வழியில் நின்றுபோனவர்களைப் பற்றி 1910-ல் உங்கள் அரசாங்கக் குழு ஒன்று அறிக்கையே கொடுத்தது.

இவர்களில் மதராஸ் ஆயாக்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. ஓரளவு ஆங்கிலம் பேசுவார்கள் என்பதால் குடும்பங்கள் அவர்களைத் தேடின. ஆனால் கப்பல் பயணிகள் பட்டியலில் பாருங்கள்: 'திருமதி இன்னார், இரண்டு குழந்தைகள், ஆயா.' அவ்வளவுதான். ஆன்டனி பரேரா என்ற ஆயா 54 முறை அந்தக் கடலைக் கடந்தவர் என்று பதிவு இருக்கிறது. ஒரு மாலுமி சொல்லிப் பெருமைப்படுகிற கணக்கு அது. அவருக்குப் பெயராவது மிஞ்சியது.

மேஃபேர் நானியின் கதைக்கும் ஹாக்னி ஆயாவின் கதைக்கும் என்ன தொடர்பு என்று உங்கள் தயாரிப்பாளர் கேட்பார். நேரடித் தொடர்பு. லண்டனுக்குப் பக்கத்து டில்பரி துறைமுகத்தில் கப்பல் இறங்கும் குடும்பம் ஆயாவை அனுப்பிவிட்டு இங்கிலீஷ் நானியை வைத்துக்கொள்ளும். ஆயாவின் கடைசி நாள்தான் நானியின் முதல் நாள். அதுவரை ஆயாவின் இடுப்பில் இருந்து, அவள் மொழியில் தண்ணீர் கேட்டுப் பழகிய மூன்று வயதுப் பிள்ளை, புதியவளிடம் அதே மொழியில் கேட்கும். புதியவளுக்குப் புரியாது. ராத்திரி அழும். யார்க்‌ஷயரில் பிறந்த உங்கள் ஹன்னா அந்த அழுகையை எப்படி எடுத்துக்கொள்வாள்? தன் பிள்ளையும் இப்படித்தான் யாரிடமோ அழும் என்று நினைப்பாளா, இல்லை அந்தப் 'பேச்சு' இனி கூடாது என்று கண்டிப்பாளா? இரண்டும் நடக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஒரே ராத்திரியில். அவளை நல்லவளாகவே வைத்திருக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஆயாவைக் காட்டுவதென்றால் மூலையில் சேலை கட்டி நிற்கும் நிழலாக்கிவிடாதீர்கள். கண்ணீர் விடும் விசுவாசியாகவும் வேண்டாம். எத்தனையோ ஆயாக்கள் திரும்பத் திரும்ப இந்தப் பயணத்தை ஒரு தொழிலாகச் செய்தவர்கள். கடல் நோயில் எஜமானியம்மா சுருண்டு கிடக்கும்போது நாலு பிள்ளைகளுக்கும் சோறு ஊட்டித் தூங்க வைத்தவர்கள். சம்பளம் பேசத் தெரிந்தவர்கள், எந்தக் குடும்பத்தோடு போகலாம், எதோடு போகக் கூடாது என்று ஒருவருக்கொருவர் சொல்லி வைத்தவர்களாகவும் இருந்திருப்பார்கள். இல்லத்துக் கூடத்தில் பைபிள் வாசிப்பு நடக்கும்போது பின்வரிசையில் நடந்திருக்கக்கூடிய அந்தப் பேச்சை எழுதுங்கள்.

தேட வேண்டிய இடம் தூரத்தில் இல்லை. 2022 ஜூனில் அந்த 26-ஆம் எண் வீட்டுச் சுவரில் இங்கிலீஷ் ஹெரிடேஜ் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு நினைவுச் சின்னமாக நீலப் பலகை பதித்தது. அந்நாளில் லண்டனிலிருந்து இந்தியாவை நிர்வகித்த இந்தியா ஆபீஸின் ஆவணங்கள் உங்கள் ஊர் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. உடை, குதிரை வண்டி, எரிவாயு விளக்குக்கெல்லாம் ஆலோசகர் வைக்கிறீர்கள். இதற்கும் ஒருவரை வையுங்கள்.

நடிகையைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழ் பேசத் தெரிந்தவராகப் பாருங்கள். லண்டனிலேயே ஏராளமானவர்கள் இருக்கிறார்கள். அவர் அந்தப் பிள்ளையிடம் பேசும்போது, திரைக்கு அடியில் 'வேற்று மொழியில் ஏதோ சொல்கிறாள்' என்று அடைப்புக்குறி போட்டு ஒப்பேற்றிவிடாதீர்கள். என்ன சொன்னாள் என்று முழுதாக எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் பருவத்துக்காக இன்னும் காத்திருக்கும் ஒரு பார்வையாளர்